மிச்ச டேப்

ஆடி மூன்றாம் ஞாயிறு. செம்பாக்கம் ஏரிக்கரை அம்மன் கோயிலில் கூழ் ஊற்றிக்கொண்டிருந்தபோது முனியம்மாவுக்கு அருள் வந்தது. வருஷா வருஷம் வருவதுதான். பதினோரு மணிக்கு மேல், வெயில் உச்சந்தலையில் ஏறுகிற நேரத்துக்குச் சரியாக வரும். ஆட்டம் முடிந்ததும் குறி சொல்வாள். இந்த வருஷம் ஏரி நிரம்புமா, நிரம்பாதா என்று அம்மன் வாயால் கேட்டுக்கொண்டு எல்லோரும் வீட்டுக்குப் போவார்கள். வயல்களெல்லாம் வெள்ளைக் கல் நட்ட மனைகளாகி நாலு வருஷம் ஆகிவிட்டது. ஏரி நிரம்பி இனி யாருக்கு ஆகப்போகிறது என்று ஒருவரும் கேட்பதில்லை. குறி என்றால் குறிதான்.

பம்பைக்காரர்கள் சாப்பிடப் போயிருந்ததால் முனியம்மா கேசட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தாள். வேப்பமரத்தில் கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கரில் அம்மன் பாட்டு உச்சத்துக்குப் போய் நின்றது. கேசட்டைத் திருப்பிப் போட எழுந்த மைக்செட் மாரி, லுங்கியை அவிழ்த்துக் கட்டிக்கொள்ளக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டான். அதற்குள் அது ஆரம்பித்துவிட்டது.

முதலில் நாற்காலியைத் தரையில் இழுப்பது போல ஒரு சத்தம். பிறகு கிடார். பிறகு டிரம், யாரோ கதவை இடிப்பது மாதிரி. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு வெள்ளைக்காரன் குரல். பாடுகிறானா பேசுகிறானா தெரியவில்லை, பாதித் தூக்கத்தில் எழுப்பப்பட்டவன் போல இருந்தது.

கூட்டம் அண்ணாந்து ஸ்பீக்கரைப் பார்த்தது. முனியம்மா நிற்கவில்லை. ஒரு அடி தடுமாறினாள், அவ்வளவுதான். அடுத்த அடியில் டிரம்மைப் பிடித்துக்கொண்டாள். முடி அவிழ்ந்து விழ, கையில் வேப்பிலைக் கொத்து சுழல, அந்த ஊர் அதுவரை பார்த்திராத ஆட்டம் ஒன்றை ஆடத் தொடங்கினாள்.

"டேய் மாரி, நிறுத்துடா!" என்று கத்தினார் பொன்னுரங்கம். விழாக் குழுத் தலைவர் அவர். தாம்பரத்தில் கொடுத்து அந்தக் கேசட்டைப் பதிவு பண்ணிக்கொண்டு வந்தவரும் அவரே.

"எப்படிண்ணா நிறுத்தறது? சாமி ஆடிக்கினு கீது!"

"அது சாமிக்கு ஆடுதா, துரைக்கு ஆடுதா?" என்று பின்னாலிருந்து யாரோ கேட்க, இளவட்டங்கள் சிரித்துவிட்டார்கள்.

டக். டேப் தீர்ந்துபோய் மெஷின் தானாக நின்றது. முனியம்மாவும் நின்றாள். கண்ணைத் திறந்து சுற்றுமுற்றும் பார்த்தாள். "தண்ணி குடுங்கடி" என்று கேட்டு, சொம்பை வாங்கி ஒரே மூச்சில் குடித்துவிட்டு, மரத்தடியில் போய் உட்கார்ந்துகொண்டாள். குறி சொல்லவில்லை.

"பொன்னுரங்கம் கேசட்டு சாமிய வெரட்டிடுச்சு" என்று பேச்சு கோயிலைச் சுற்றி வந்து அவர் காதிலேயே விழுந்தது.

கூழ் அண்டாவுக்குப் பின்னால் அகப்பையோடு நின்றிருந்த அவர் மகள் தையல்நாயகி இதில் எதையும் கவனிக்கவில்லை. எதிரே செம்பு நீட்டியவரின் கை மீது கூழ் வழிந்துகொண்டிருந்தது. "யம்மா, யம்மா" என்று அவர் ரெண்டு தரம் கூப்பிட்ட பிறகுதான் கையை நிமிர்த்தினாள். அந்தக் குரல் ஒரு சொல்லின் நடுவில் நின்றுபோனது அவள் காதுக்குள் அறுபட்ட நூல் மாதிரி ஆடிக்கொண்டிருந்தது. அதற்கப்புறம் என்ன?

தையல்நாயகிக்கு இருபத்தொரு வயது. பி.ஏ. முடித்துவிட்டு மேற்குத் தாம்பரத்தில் டைப்ரைட்டிங் ஹையர் படித்துக்கொண்டிருந்தாள். கிளை நூலகத்திலிருந்து தடித்தடியான மொழிபெயர்ப்பு நாவல்களை எடுத்து வருவாள். கதையில் பனி பெய்தால், ஆடிக் காற்றில் ஜன்னல் அடித்துக்கொள்ளும் அறையில் அவளுக்குக் கால் விரல்கள் சில்லிடும். கதையில் யாராவது ரயிலேறினால் அன்றைக்கு முழுவதும் சாப்பாடு இறங்காது. வீட்டில் வேறு யாரும் அந்தப் புத்தகங்களைத் தொடமாட்டார்கள். அதனால்தான் கடிதத்தை அப்படி ஒரு நாவலின் இருநூற்றுப் பதினாறாம் பக்கத்தில் வைத்திருந்தாள்.

கடிதம் நாக்பூரிலிருந்து வந்திருந்தது. மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தர் வேலை. ஆகஸ்ட் இருபத்துநாலாம் தேதி, திங்கட்கிழமை, காலை பத்து மணிக்குள் வந்து சேர வேண்டும். தவறினால் நியமனம் ரத்து. பரீட்சை எழுதியதே வீட்டுக்குத் தெரியாது. செம்பாக்கம் விலாசம் கொடுத்தால் தபால்காரர் கடிதத்தை அப்பா கையில்தான் கொடுப்பார் என்று சிநேகிதி புஷ்பத்தின் ரயில்வே குவார்ட்டர்ஸ் விலாசத்தை எழுதியிருந்தாள்.

அப்பா அடிக்கிறவர் இல்லை. திட்டுகிறவர்கூட இல்லை. எதைக் கேட்டாலும் முழுசாகக் கேட்காமல் "பாத்துக்கலாம்மா" என்பார். அந்த வீட்டில் பாத்துக்கலாம் என்று சொல்லப்பட்ட எதையும் இதுவரை யாரும் பார்த்ததில்லை. கடிதம் வந்த நாள் முதல் ராத்திரிச் சாப்பாட்டின்போது தையல்நாயகி மூச்சை இழுத்து "அப்பா" என்பாள். அவர் மோரை ஊற்றிக்கொண்டே "இன்னாம்மா" என்பதற்குள் அந்த மூச்சு வெறும் காற்றாக வெளியே போய்விடும். "ஒண்ணுமில்லப்பா."

மறுநாள் மத்தியானம், அப்பா மனை காட்டப் போயிருந்தபோது, கோயில் கேசட்டை வீட்டு டேப்ரிக்கார்டரில் போட்டு ஏ பக்கத்தின் கடைசிக்கு ஓட்டினாள். நாற்காலி இழுபட்டது. கிடார் வந்தது. குரல் வந்தது. டக். புஷ்பத்திடம் கடன் வாங்கிய கைக்கடிகாரத்தில் ஒரு நிமிஷம், நாற்பது விநாடி. திரும்ப ஓட்டினாள். பதினேழு தரம் கேட்டாள். மேலே தாம்பரம் விமானப் படைப் பயிற்சி விமானம் ஒன்று ஏரியைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தது.

அன்றைக்குத்தான் அவள் தனக்குத் தானே ஒரு நாள் குறித்துக்கொண்டாள். இந்தப் பாட்டை முழுசாகக் கேட்டுவிட வேண்டும். கேட்டு முடித்த அன்றைக்கு அப்பாவிடம் சொல்லிவிட வேண்டும்.

"பைத்தியமாடி நீ?" என்றாள் புஷ்பம். "அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

"சம்பந்தம் இருக்குன்னு நான் சொன்னேனா? இது முடிஞ்சா அது. அவ்ளோதான்."

"வேண்டுதல் மாதிரியா?"

"மாதிரி."

புஷ்பம் எழுந்து போய் அலமாரியைத் திறந்தாள். அவள் வீட்டிலேயே ஒரு கேசட் இருந்தது. அவள் அண்ணன் பதிவு பண்ணி வாங்கிய கிறிஸ்தவப் பாடல்கள். உறையின் மூலையில், கோயில் கேசட்டில் இருந்த அதே பச்சை மை முத்திரை: சவுரி ரிக்கார்டிங். கடைசி ஸ்தோத்திரம் முடிந்ததும், சொல்லிவைத்தாற்போல, நாற்காலி இழுபட்டது. புஷ்பத்தின் அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "யாருடி அது வீடு காலி பண்றது?" என்றாள்.

இந்தக் கேசட்டில் இரண்டு நிமிஷம் பதினைந்து விநாடி. டிரம் சட்டென்று நின்று, எங்கேயோ தண்ணீர் சொட்டியது. அந்தச் சொட்டுக்குள்ளிருந்து கிடார் மறுபடி முளைத்து எழும்போது டக்.

தையல்நாயகிக்கு அன்று சாயங்காலம் உட்கார முடியவில்லை. தாம்பரம் முழுவதும் எத்தனை கேசட்டுகள்! ஒவ்வொன்றின் வாலிலும் அந்தப் பாட்டின் ஒரு துண்டு ஒட்டிக்கொண்டிருக்கிறது. எல்லாத் துண்டும் முதலிலிருந்துதான் தொடங்குகிறது. எதில் மிச்சம் அதிகமோ அதில் பாட்டு அதிக தூரம் போகும். அடுத்த பத்து நாளும் அவர்கள் இருவரும் பார்த்த வீட்டிலெல்லாம் கேசட் கேட்டார்கள். டெய்லர் கடையில் கேட்டார்கள். மின்சார ரயிலில் பக்கத்தில் உட்கார்ந்த, முன்பின் தெரியாத பெண்ணின் கூடையில் பச்சை முத்திரையைப் பார்த்துவிட்டு, பல்லாவரம் வரை அவளோடு போய், வீட்டுக்குள்ளேயே நுழைந்து கேட்டார்கள். அதில் வெறும் நாற்பது விநாடி. காபி கிடைத்தது.

டைப்ரைட்டிங் நிலையம் நடத்திய அபிதகுஜாம்பாள் டீச்சரின் பழைய சினிமாப் பாட்டுக் கேசட்டில் மூன்று நிமிஷம் ஐந்து விநாடி இருந்தது. தண்ணீருக்கு அப்புறம் ஒரு கூட்டமே ஒரே சொல்லைக் கூப்பிட்டது, ரயில் புறப்படும்போது பிளாட்பாரத்தில் நிற்கிறவர்கள் கூப்பிடுவது போல. என்ன சொல் என்று எத்தனை தரம் கேட்டும் பிடிபடவில்லை. பதின்மூன்றாவது தரம் திரும்ப ஓட்டும்போது மெஷின் டேப்பைத் தின்றுவிட்டது. பழுப்பு நாடா குடலாகச் சரிந்து கையில் வந்தது.

"செத்தோம்" என்றாள் புஷ்பம். "டீச்சரோட உயிரு இதுல இருக்கு."

பென்சிலை விட்டுச் சுற்றி, கசங்கின நாலு விரற்கடையை வெட்டியெறிந்து, புஷ்பம் தன் நகப் பாலிஷால் ஒட்டினாள். கசங்கினது டீச்சரின் பாட்டு இல்லை, அந்தக் கூட்டம் கூப்பிடுகிற இடம்தான். டீச்சர் கேசட்டை வாங்கிப் போட்டுப் பார்த்துவிட்டு, "நன்னாருக்கே, துடைச்சியா?" என்றாள்.

கடைசியாகக் கிடைத்தது ஒரு கல்யாண வீட்டுக் கேசட், மூன்று நிமிஷம் நாற்பது விநாடி. கூட்டம் கூப்பிட்டு ஓய்ந்தது. எல்லாம் அடங்கியது. ஷூ போட்ட கால் ஒன்று வெறும் அறையில் நடந்தது. கிடார் இரண்டே சுரங்களை மெதுவாகத் தட்டிக்கொண்டு வந்தது, கதவருகில் வந்துவிட்ட மாதிரி. டக்.

அதைத் தாண்டி எந்தக் கேசட்டும் போகவில்லை.

அதற்குள் ஆகஸ்ட் பதினெட்டு ஆகிவிட்டிருந்தது. செவ்வாய்க்கிழமை. திங்கட்கிழமை நாக்பூரில் இருக்க வேண்டுமானால் சனிக்கிழமை வண்டியேற வேண்டும்.

"பாட்டு பாட்டுன்னு பத்து நாளு போச்சு" என்றாள் புஷ்பம். "உனக்குச் சொல்ல பயம். அதுக்கு ஒரு சாக்கு வேணும். அந்த வெள்ளக்காரன் கிடைச்சான்."

தையல்நாயகி எழுந்தாள். குவார்ட்டர்ஸ் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு நேரே நடந்தாள்.

சவுரி ரிக்கார்டிங் கிழக்குத் தாம்பரத்தில் ஒரு சைக்கிள் ஸ்டாண்டுக்கு மேலே, குறுகலான மாடிப்படியின் முடிவில் இருந்தது. ஒரே அறை, உள்ளே மரத் தடுப்புக்குப் பின்னால் இன்னொரு பாதி அறை. சவுரிமுத்துவுக்கு நாற்பது வயதிருக்கும். கழுத்தில் ஹெட்போன் மாலை மாதிரி கிடந்தது. எதிரே நோட்டுப் புத்தகத்தில் நிமிஷமும் விநாடியுமாகக் கூட்டல் கணக்குகள்.

"லிஸ்ட் குடும்மா" என்றார், நிமிராமல்.

தையல்நாயகி காகிதத்தை நீட்டினாள். அதில் ஒரே வரி: கடைசியில் வரும் இங்கிலீஷ் பாட்டு, முழுசாக.

"எந்தக் கடைசில?"

"எல்லாக் கடைசிலயும்ணா."

சவுரிமுத்து நிமிர்ந்து பார்த்தார். முகத்தில் வந்த சிரிப்பு பாதியிலேயே நின்றுபோனது. "நீ எந்த ஊரும்மா?"

"செம்பாக்கம்."

"ஐயோ, கோயில் கேசட்டா? பொன்னுரங்கம்னு ஒர்த்தரு என்னத் தேடிக்கினு கீறாராமே. சாமி குறி சொல்லாம போச்சாம், அதுக்கு நான் பதில் சொல்லணுமாம். டீ குடிக்கக்கூட கீழ எறங்கல நானு."

"அவர் எங்கப்பாதான். ஆனா நான் அதுக்கு வரல. எதுக்குண்ணா எல்லாத்துலயும் அதப் போடறீங்க?"

அப்பா இல்லாமல் மகள் மட்டும் வந்ததில் சவுரிமுத்துவுக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. "இத பாரும்மா. ஒரு சைடு முப்பது நிமிஷம். பாட்டுங்கள அடுக்கினா கடைசில ரெண்டு, மூணு நிமிஷம் மிஞ்சும். நாலு மிஞ்சினா இன்னொரு பாட்டே போட்டுருவேன். மிஞ்சினத காலியா வுட்டா, 'சவுரி டேப்ப முழுங்கிட்டான்'ம்பாங்க. சரின்னு ஒரு நல்ல பாட்ட போட்டா அது பாதில நிக்கும். பாதில நின்னா அடிக்க வராங்க. தெரிஞ்ச பாட்டு நின்னாத்தான் மனுஷனுக்கு வலிக்கும். தெரியாத பாட்டு எங்க நின்னா யாருக்கு இன்னா?"

"எனக்கு வலிச்சுதுண்ணா."

சவுரிமுத்து அவளையே பார்த்தார். பிறகு எழுந்து அலமாரியின் கீழ்த்தட்டிலிருந்து ஒரு சின்ன இசைத்தட்டை எடுத்தார். உறையில் கடற்கரையில் தனியாக ஒரு நாற்காலி. எண்பத்தைந்தாம் வருஷ மழையில் கூரை ஒழுகி நனைந்து பெயரெல்லாம் கரைந்துபோய், நடு வட்டத்தில் 1974 என்ற எண் மட்டும் மிஞ்சியிருந்தது.

"ரயில்வேல கார்டா இருந்த ஒர்த்தரு ஆஸ்திரேலியா போவும்போது குடுத்துட்டுப் போனாரு. இவன் ஒரு பெரிய தட்டு போட்டானாம். அதுல ஒண்ணுகூட பாட்டு மாரியே இருக்காதாம். ஒண்ணுல குழா சொட்டுமாம், ஒண்ணுல எவனோ ரூம கூட்டுவானாம், அவ்ளோதானாம். கம்பெனிக்காரன் தலைல அடிச்சிக்கினு, இருக்கறதுல இதுதான் கொஞ்சம் பாட்டு மாரி கீதுன்னு இத மட்டும் தனியா சின்னத் தட்டு போட்டு வித்தானாம்."

"வித்துதா?"

"எங்க விக்கும்? கார்டு சார் ஒர்த்தர் வாங்கினாரு, தெரியும்."

நடு ஓட்டை பெரிதாக இருந்ததால் அதில் ஒரு தைல டப்பா மூடியைச் செருகி வைத்திருந்தார். தட்டு சுழன்றது. ஊசி இறங்கியது.

கேசட்டில் கேட்டதெல்லாம் அடுத்த வீட்டுச் சுவர் வழியாகக் கேட்டது என்று தையல்நாயகிக்கு அப்போதுதான் தெரிந்தது. நாற்காலியின் நாலு காலும் தனித்தனியாக இழுபட்டன. தண்ணீர் அவள் கழுத்துக்குப் பின்னால் சொட்டியது. கூட்டம் கூப்பிட்டது, அந்தச் சொல் இப்போதும் பிடிபடவில்லை. ஷூ கால் நடந்தது. மூன்று நிமிஷம் நாற்பது. டக் வரவில்லை. தாண்டிவிட்டது. அவள் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். கால் நின்றது. கிடார் ஒரு தரம் தட்டியது. பாட ஆரம்பிக்கப் போகிறவன் மூச்சை இழுத்தான்.

கிடார் ஒரு தரம் தட்டியது. மூச்சை இழுத்தான்.

கிடார் தட்டியது. மூச்சை இழுத்தான்.

"அவ்ளோதாம்மா" என்றார் சவுரிமுத்து.

"முடியலையே."

"முடியாது. கடைசிக் கோடு வட்டமா மூடிக்கிச்சு, பாரு. ஊசி அதுக்குள்ளயே சுத்தும். கீறல் இல்ல, வேணும்னே அப்பிடிப் பண்ணி வெச்சிருக்கான். ஒரு தபா இதப் போட்டுட்டு தூங்கிட்டேன். ஒரு மணி நேரம் கழிச்சி எழுந்தா, இன்னும் மூச்ச இழுத்துக்கினுதான் கீறான்."

"ஒரு கேசட்டுல முழுசா போட்டுக் குடுங்கண்ணா."

"எவ்ளோ நீளத்துக்கு? அறுவதா, தொண்ணூறா? எதுல போட்டாலும் டேப்பு தீர்ற எடத்துலதாம்மா நிக்கும்."

தையல்நாயகிக்கு அழுகை வரும்போல இருந்தது. பதினாறு நாள். எத்தனை வீடு, எத்தனை காபி. அவள் நாள் குறித்துக்கொண்ட அந்த முடிவு உலகத்தில் எங்கேயும் இல்லை, ஆஸ்திரேலியாவிலும் இல்லை. சனிக்கிழமை மட்டும் இருந்தது.

மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. கூடவே குரல்: "இன்னாப்பா, மேல ஆள் கீறானா இல்லையா?"

சவுரிமுத்துவின் முகம் வெளிறியது. "உங்கப்பாவா? நான் இல்லன்னு சொல்லும்மா, புண்ணியமா போவும்" என்று கும்பிட்டுவிட்டு மரத் தடுப்புக்குப் பின்னால் மறைந்தார்.

பொன்னுரங்கம் கையில் கோயில் கேசட்டோடு உள்ளே வந்தார். ஏறின வேகத்தில் இரைத்தது. மகளைப் பார்த்ததும் என்ன பேச வந்தோம் என்பதே அவருக்கு மறந்துவிட்டது.

"நீ இன்னாம்மா இங்க?"

"பாட்டு கேக்க வந்தேம்பா."

"எந்தப் பாட்ட?" என்றவர் காதில் அப்போதுதான் அது விழுந்தது. "இந்த எழவையா? இதானே அன்னிக்கு…"

கிடார் தட்டியது. மூச்சை இழுத்தான்.

பொன்னுரங்கம் பேச்சை நிறுத்திவிட்டுக் காதைக் கொடுத்தார். அடுத்து குரல் வரும் என்று நினைத்தார் போல. வரவில்லை. மறுபடி மூச்சு. இதோ, இப்போது. வரவில்லை. அவர் தலையைச் சாய்த்துக்கொண்டு ஒரு அடி கிட்டே வந்தார். கையிலிருந்த கேசட்டை மேஜையில் வைத்தார். இரைப்பு அடங்கிவிட்டிருந்தது. ஸ்பீக்கரைப் பார்த்தபடி, வாயைக் கொஞ்சம் திறந்துகொண்டு, காத்திருந்தார்.

"இன்னாம்மா இவன், சொல்ல வரான், சொல்ல மாட்டேங்கறான்?" என்றார் மெதுவாக, குறுக்கே பேசிவிட்டால் அவன் சொல்லாமல் போய்விடுவான் என்பது போல.

தையல்நாயகி அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருவர் பேசுவதற்காக அவர் இத்தனை நேரம் காத்திருந்து அவள் பார்த்ததே இல்லை. குறிக்குக்கூட இப்படிக் காத்திருந்ததில்லை.

கையை நீட்டி ஊசியைத் தூக்கினாள்.

அறையில் சத்தம் போயிற்று. தட்டு மட்டும் சும்மா சுழன்றது. அவர் தலை இன்னும் சாய்ந்தே இருந்தது.

"அப்பா, எனக்கு நாக்பூர்ல வேலை கிடைச்சிருக்கு. கவர்மெண்ட் வேலை. திங்கக்கிழமை காலைல அங்க இருக்கணும். நான் போறேன்."

கீழே ஸ்டாண்டில் சைக்கிள்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சரிந்து விழுந்த சத்தமும், யாரோ யாரையோ திட்டுவதும் கேட்டது. பொன்னுரங்கம் தலையை நிமிர்த்தினார்.

"நாக்பூரா?"

"ஆமாப்பா."

"கமலாரஞ்சு வருமே, அந்த நாக்பூரா?"

"அதேதான்."

"எந்தத் திங்கக்கெழம?"

"இந்தத் திங்கக்கிழமை."

அவர் விரலை மடக்கி எண்ணினார். மறுபடி எண்ணினார். "சரி, பாத்துக்க…"

"பாத்துக்கலாம் வேணாம்பா. சனிக்கிழமை வண்டி."

தடுப்புக்குப் பின்னால் அடக்கி அடக்கிப் பார்த்த தும்மல் ஒன்று வெடித்தது. சவுரிமுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து, "வாங்கண்ணா" என்றார், அப்போதுதான் வருகிறவர் போல.

அவரிடம் நியாயம் கேட்க வந்த பொன்னுரங்கம் அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். எதற்கு வந்தோம் என்பது மெல்லத்தான் நினைவுக்கு வந்தது. கேசட்டைச் சவுரிமுத்துவின் பக்கம் தள்ளினார்.

"இதுல அந்தப் பாட்ட அழிச்சுடு."

"சரிண்ணா. அந்த எடத்துல வேற இன்னா போடட்டும்?"

"ஒண்ணும் போடாத. காலியாவே வுடு."

"காலியாவா?" என்றார் சவுரிமுத்து. இத்தனை வருஷத்தில் ஒருவர்கூட அப்படிக் கேட்டதில்லை.

டி.வி.எஸ். ஐம்பதின் பின்னால் தையல்நாயகி ஒருபக்கமாக உட்கார்ந்து வந்தாள். கேம்ப் ரோடு தாண்டியதும் பொன்னுரங்கம் சாலைப் பள்ளத்துக்கு ஒரு கேள்வி கேட்டார். அங்கே அரிசி கிடைக்குமா? கிடைக்கும். எங்கே தங்குவே? பெண்கள் ஹாஸ்டலுக்கு எழுதிப் போட்டிருக்கேன். எழுதி எத்தினி நாளாச்சு? மூணு வாரம். இதற்கு அவர் வண்டியின் வேகத்தைக் கூட்டினார், பிறகு குறைத்தார்.

"இந்தி தெரியுமா உனக்கு?"

"கத்துக்குவேன்."

"உங்கம்மாகிட்ட யாரு சொல்றது?"

"நான்தான்."

"நீதான். நான் வாய தொறக்க மாட்டேன்."

ஏரிக்கரை வந்தது. தண்ணீர் பாதிதான் இருந்தது. ஆடி முடிந்து ஆவணி பிறந்தும் காற்று நிற்கவில்லை. சின்னச் சின்ன அலைகளைக் கரைக்குத் துரத்திக்கொண்டே இருந்தது. வேப்பமரத்தில் குழாய் ஸ்பீக்கர் கட்டின கயிறு இன்னும் அவிழ்க்கப்படாமல் தொங்கிக்கொண்டிருந்தது. பொன்னுரங்கம் வண்டியை நிறுத்தினார். இன்ஜினை அணைக்கவில்லை.

"அந்த வெள்ளக்காரன் கடைசில இன்னாதான்மா சொல்றான்?"

"ஒண்ணும் சொல்லலப்பா. மூச்சு மட்டும்தான் இழுக்கறான்."

"கடைசி வரிக்குமா?"

"கடைசின்னே ஒண்ணு இல்லப்பா அதுல."

அவர் மரத்தடியைப் பார்த்தார். முனியம்மா ஆடின இடத்தில் இப்போது நாலு ஆடுகள் படுத்திருந்தன.

"பேமானி" என்றார். "ஒண்ணுமே சொல்லாதவனுக்கா நம்ம முனியம்மா அப்பிடி ஆடினா?"

வண்டி உறுமிக்கொண்டு நின்றது. இங்கிருந்து வீடு தெரிந்தது. வாசலில் அம்மா எல்லம்மா, காயப்போட்ட சேலையை மடித்தபடி, ரெண்டு பேரும் எதற்கு நடுவழியில் நிற்கிறார்கள் என்று நெற்றியில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போப்பா" என்றாள் தையல்நாயகி.